பதினாலாம் நம்பர் ரூமில் நான் துடைத்த பாதி போர்டு

எனக்கு எழுபத்து மூணு வயசு. அஞ்சு பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூணு நான் பெத்தது, ரெண்டு என் நாத்தனார் செத்தப்புறம் என் கைக்கு வந்தது. அஞ்சு பேரும் காலேஜ் வாசல் மிதிச்சவங்க. நான் மூணாம் கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆகும். ஆகட்டும், இனிமே எனக்கு எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்ல.

2004-லேருந்து 2012 வரைக்கும் சிதம்பரத்துல ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல துப்புரவு வேலை பார்த்தேன். வீடு கடலூர் முதுநகர். காலையில ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சா ஏழரைக்கு டிபார்ட்மெண்ட் பூட்டைத் திறந்துடுவேன். ஒரு நாள் லேட்டுன்னு என் பேர்ல சிவப்பு மை விழுந்தது கிடையாது. இப்ப அந்த வேலைக்கு வந்திருக்கிற பொண்ணு ஒண்ணு போன மாசம் என்னைப் பார்க்க வந்துச்சு. "என்னாம்மா பெரிய வேலை, பெருக்கறதும் துடைக்கறதும்தானே"ன்னுச்சு. அதுக்குத்தான் இதை எழுதறேன்.

1. போர்டு

பெருக்கறது எல்லாருக்கும் வரும். போர்டு துடைக்கறது வேற. முதல்ல காஞ்ச டஸ்டரால மேலேருந்து கீழ இழுக்கணும். குறுக்க இழுத்தா தூள் பறந்து நெஞ்சுக்குள்ள போகும். அப்புறம் ஈரத்துணி, அதுக்குப்புறம் காஞ்ச துணி. ஈரத்தோட விட்டுட்டா காஞ்சப்புறம் வெள்ளை வெள்ளையா வரி தெரியும். கலர் சாக்பீஸ்னா ரெண்டு தடவை ஈரம். டஸ்டரை ரூமுக்குள்ள தட்டக்கூடாது, ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டித் தட்டணும்.

எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு சட்டம் உண்டு. எச்.ஓ.டி. ஐயா போட்டது. அழிக்கக்கூடாத எழுத்துக்கு மூலையில ஒரு வட்டம் போட்டு உள்ள நட்சத்திரம் போடணும். நட்சத்திரம் இருந்தா தொடமாட்டேன். காலை ஷிப்டும் மாலை ஷிப்டும் ஒரே ரூம்ங்கறதால சில நாள் ரெண்டு பேர் ஒரு போர்டைப் பங்கு போட்டுக்குவாங்க. அப்ப நடுவுல ஒரு கோடு. எந்தப் பக்கம் நட்சத்திரம் இருக்கோ அது நிக்கும், இல்லாத பக்கத்தைத் துடைச்சுடுவேன். முதல் நாலு வருஷம் இதுல ஒரு தப்பு நடக்கல.

எல்லாம் இங்கிலீஷ், எழுதியிருக்கறது என்னான்னு எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா யார் எழுதினதுன்னு தெரியும். எச்.ஓ.டி. ஐயா எழுத்து சாக்பீஸ் உடையற மாதிரி அழுத்தம். சமீமா மிஸ் எழுத்து முத்து முத்தா, ஒரு வரி கூட சாயாம போகும்.

2. சமீமா மிஸ்

சமீமா மிஸ்ஸுக்கு ஊர் லால்பேட்டை. கெஸ்ட் லெக்சரர். வருஷா வருஷம் ஜூன் மாசம் திரும்ப எடுத்தாத்தான் வேலை, இல்லன்னா வீட்டுக்கு. அவுங்க அத்தா, அதாவது அப்பா, தினமும் டி.வி.எஸ். பிப்டியில கொண்டாந்து விடுவார். காட்டுமன்னார்கோயில் ரோட்டுத் தூசியெல்லாம் அவர் தாடியில இருக்கும். மிஸ்ஸு மேல ஒரு பொட்டுத் தூசி இருக்காது, கருப்பு புர்கா அப்படியே பளபளன்னு இருக்கும்.

நான் சேர்ந்து அஞ்சாவது வருஷம் மேனேஜ்மெண்ட்ல சொல்லிட்டாங்க, இனிமே கெஸ்ட் கிடையாது, ஒரு பெர்மனெண்ட் போஸ்ட்தான். டெமோ கிளாஸ் எடுக்கணும். தேறினா வேலை, தேறலன்னா அதோட முடிஞ்சுது. இதுக்கு முன்னால ரெண்டு காலேஜ்ல டெமோ எடுத்து ரெண்டுலயும் அவுங்களை வேணாம்னுட்டாங்க. "நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா ஒப்பிக்கிற மாதிரி இருக்கு"ன்னு ஒரு இடத்துல சொன்னாங்களாம். அதைச் சொல்லும்போது மிஸ்ஸுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"இந்த தடவையும் போச்சுன்னா அத்தாகிட்ட இன்னொரு தடவை கேட்க எனக்கு மூஞ்சி இல்லக்கா. எங்க குடும்பத்துல எம்.பில். வரைக்கும் படிச்ச பொண்ணு நான் ஒருத்திதான். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க."

3. முதல் நாள் சாயங்காலம்

டெமோ மறுநாள் பத்து மணிக்கு, பதினாலாம் நம்பர் ரூம்ல. முதல் நாள் சாயங்காலமே மிஸ் போர்டை ரெடி பண்ணினாங்க. நடுவுல ஒரு கோடு கிழிச்சு லெப்ட் சைடு ஒரு பாடம், ரைட் சைடு ஒரு பாடம்னு கணக்கு. நான் பெஞ்ச்சுக்கு அடியில பெருக்கிக்கிட்டு இருந்தேன்.

"யக்கா, ஒரு நிமிஷம் உக்காருங்க. ஆள் இல்லாத ரூம்ல பேசினா எனக்கு வாய் வரமாட்டேங்குது."

உக்கார்ந்தேன். மிஸ் லெப்ட் சைடைக் காட்டிச் சொன்னாங்க. அதை நான் மறக்கவே இல்ல, அதனால இங்க எழுதறேன்.

மேல ஆகாசத்துல பதினஞ்சு கிலோமீட்டர் ஒசரத்துல ஒரு பொடித் துகள் பொறக்குது. பேர் மியூவான். அதோட ஆயுசு சராசரி ரெண்டு மைக்ரோ செகண்டும் கொஞ்சமும். ஒரு செகண்டைப் பத்து லட்சம் துண்டாக்கினா ஒரு துண்டுதான் மைக்ரோ செகண்ட். அந்தத் துகள் வெளிச்சத்தோட வேகத்துக்கு ஒரு மயிரிழை கம்மியா ஓடியாருது. மைக்ரோ செகண்டுக்கு முன்னூறு மீட்டர். அப்ப பதினஞ்சு கிலோமீட்டர் வந்து சேர அம்பது மைக்ரோ செகண்ட் வேணும்.

"ரெண்டு சொச்சம்தான் ஆயுசு, அம்பது வேணும். வழியிலேயே செத்திருக்கணும்ல? ஆனா இப்ப நாம பேசும்போதே நம்ம தலை மேல விழுந்துக்கிட்டு இருக்குக்கா."

"அதெப்படி?"

"வேகமா ஓடறதோட வாட்ச், நின்னு பார்க்கிற நமக்கு மெதுவா ஓடும். இந்த வேகத்துக்கு இருபதுல ஒரு பங்கு. நம்ம வாட்ச்சுல அம்பது ஆகறப்ப அதோட வாட்ச்சுல ரெண்டரைதான் ஆகுது. அதனால சுமாரா மூணுல ஒண்ணு உசுரோட தரைக்கு வந்துடுது. இதுக்குப் பேர் டைம் டைலேஷன்."

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. "தன் வாட்ச் மெதுவா ஓடுதுன்னு அந்தத் துகளுக்குத் தெரியுமா மிஸ்?"

"தெரியாதுக்கா. அதைப் பொறுத்த மட்டும் அதோட வாட்ச் சரியாத்தான் ஓடுது."

"அப்ப ரெண்டரையில இவ்ளோ தூரம் எப்படி வந்தோம்னு அது நினைச்சுக்கும்?"

மிஸ் சாக்பீஸை எடுத்துக்கிட்டாங்க. அப்புறம், "அது ரைட் சைடுக்கா. லென்த் கான்ட்ராக்‌ஷன். தூரம் சுருங்கறது. வேற சாப்டர்"ன்னு சொல்லிட்டு ரைட் சைடை எழுத ஆரம்பிச்சாங்க. நோட்டைப் பார்த்துப் பார்த்து நாப்பது நிமிஷம் எழுதினாங்க. கோடும் கொக்கியுமா போர்டு நிறைஞ்சு போச்சு. அதைச் சொல்லிக்காட்டும்போது முகம் மாறிடுச்சு. கண்ணு மேல கூரையைப் பார்க்குது, வாய் மட்டும் ஓடுது. எனக்கு ஒண்ணும் புரியல. அவுங்க அத்தா கேட்டு வாசல்ல ஹாரன் அடிச்சார். அவசரமா மூலையில நட்சத்திரம் போட்டுட்டுக் கெளம்பினாங்க. லெப்ட் சைடு மூலையில.

4. காலையில்

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரா பதினாலாம் நம்பருக்குத்தான் போனேன். டெமோ ரூம் சுத்தமா இருக்கணும்னு எனக்குத்தான் ஜாஸ்தி அக்கறை. கையில ஈரத்துணி. போர்டுல நடுக்கோடு. லெப்ட்ல நட்சத்திரம். ரைட்ல இல்ல. கை அதுபாட்டுக்கு வேலை செஞ்சுது. ரைட் சைடு முழுக்க ரெண்டு தடவை ஈரம், ஒரு தடவை காஞ்ச துணி. கண்ணாடி மாதிரி பண்ணிட்டேன். தள்ளி நின்னு அழகு பார்த்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் மிஸ் எழுதினதுதானே!

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மிஸ் வந்தாங்க. வாசல்ல நின்னு போர்டைப் பார்த்தாங்க. கைப்பை தோள்லேருந்து நழுவிக் கீழ விழுந்துச்சு.

"யக்கா... என்னாக்கா இது?"

"நான்தான் துடைச்சேன் மிஸ். நட்சத்திரம் அந்தப் பக்கம் இல்ல."

திட்டியிருந்தா தேவலாம். திட்டல. "நான்தான் ரெண்டு பக்கமும் போட்டிருக்கணும்"னு சொல்லிட்டு நோட்டை எடுத்து ரைட் சைடுல எழுதப் போனாங்க. ரெண்டு வரி எழுதியிருப்பாங்க. வராண்டாவுல செருப்புச் சத்தம். டெமோ பார்க்கக் கடலூர்லேருந்து வர வேண்டியவங்க ஒரு மணி நேரம் முன்னாலயே வந்துட்டாங்க. மிஸ் அந்த ரெண்டு வரியையும் புறங்கையால அழிச்சுட்டு நோட்டை மேஜை டிராயர்ல தள்ளினாங்க.

வந்தது ரெண்டு பேர். ஒருத்தர் காலேஜ் செகரட்டரி, கடலூர்ல ரைஸ் மில் வச்சிருக்கறவர். இன்னொருத்தர் ரிட்டயர்டு புரொபசர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், காதுல மெஷின். கூட எச்.ஓ.டி. ஐயா. பின்னாலேயே செகண்ட் இயர் பிள்ளைங்க வந்து பெஞ்ச்சுல உக்கார்ந்துச்சுங்க.

எச்.ஓ.டி. ஐயா போர்டைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "பாதி போர்டு எங்க? யார் துடைச்சது?"

வாளியைக் கீழ வச்சேன். "நான்தான் ஐயா. மிஸ் மேல தப்பில்ல."

"அறிவிருக்கா உனக்கு? இன்னைக்கு என்னா நாள்னு தெரியுமா, தெரியாதா?"

புரொபசர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "இருக்கட்டும் விடுங்க. நாம போர்டுக்கு மார்க் போட வரல. ஆரம்பிங்கம்மா. இருபது நிமிஷம்."

என்னை வெளிய போன்னு யாரும் சொல்லல. கதவு ஓரமா நின்னுக்கிட்டேன்.

5. இருக்கிற பாதி

லெப்ட் சைடை மிஸ் நல்லாவே சொல்லி முடிச்சாங்க. பத்து நிமிஷம் ஆச்சு. இப்ப திரும்பி நிக்கறாங்க, எதிர்ல காலி போர்டு. கண்ணு மெல்லக் கூரைப் பக்கம் ஏறுது. போச்சு, ஒப்பிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்.

கண்ணு பாதியில நின்னுச்சு. என் பக்கம் திரும்பிச்சு. அப்புறம் பிள்ளைங்களைப் பார்த்து மெதுவா பேசினாங்க.

"இந்தப் பக்கம் இருந்தது அழிஞ்சு போச்சு. சரி, இருக்கிற பாதியை வச்சு அதைக் கண்டுபிடிக்க முடியுதான்னு பார்ப்போம். இப்ப நாம தரையில இல்ல. துகள் மேல ஏறி உக்கார்ந்திருக்கோம். நமக்கு நாம ஓடற மாதிரியே இருக்காது. தரைதான் நம்மளை நோக்கி ஓடியாரும். என்ன வேகத்துல?"

பதிலை அவுங்களே சொன்னாங்க.

"தரையில நிக்கறவங்க நம்மளை என்ன வேகத்துல பார்க்கறாங்களோ அதே வேகம். மைக்ரோ செகண்டுக்கு முன்னூறு மீட்டர். இதுல ரெண்டு பேருக்கும் தகராறு இல்ல. சரி, தரை வந்து நம்மளைத் தொடுது. அந்த நேரம் நம்ம வாட்ச் என்ன காட்டும்?"

முதல் பெஞ்ச்சுல ஒரு பையன் லெப்ட் சைடைப் பார்த்துட்டு, "ரெண்டரை மிஸ்"ன்னான்.

"அது தரையில இருக்கறவங்க சொன்னதாச்சே? நமக்கு வேற மாதிரி தெரியாதா?"

பையன் நோட்டைப் புரட்டினான். மிஸ்ஸே சொன்னாங்க. "தெரியாது. ஏன்னா வாட்ச்சும் தரையும் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த இடத்துல யார் எட்டிப் பார்த்தாலும் அந்த முள் ரெண்டரையிலதான் இருக்கும். இதுலயும் தகராறு இல்ல. வேகம் முன்னூறு, நேரம் ரெண்டரை. பெருக்குங்க."

"எழுநூத்தி அம்பது மீட்டர் மிஸ்."

"தரையில இருக்கறவங்க பதினஞ்சாயிரம் மீட்டர்ங்கிற அதே வழி, துகளுக்கு எழுநூத்தி அம்பது மீட்டர். அது எத்தனைல ஒரு பங்கு?"

நாலஞ்சு குரல் ஒண்ணா வந்துச்சு. "இருபதுல ஒண்ணு!"

மிஸ் லெப்ட் சைடுக்கு நடந்து போய், அங்க எழுதியிருந்த இருபது மேல விரலை வச்சாங்க. காலி போர்டுல இன்னொரு இருபது எழுதினாங்க. ரைட் சைடு முழுக்க அவ்ளோதான் இருந்துச்சு. "நேரத்துல எந்தப் பங்கு குறைஞ்சுதோ அதே பங்குதான் தூரத்துலயும் குறையணும். இல்லன்னா ரெண்டு பேருக்கும் வேகம் ஒத்துவராது. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருந்தே ஆகணும்."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நேத்து நாப்பது நிமிஷம் எழுதினதை இன்னைக்கு நாலு வரியில சொல்லிட்டாங்களே!

செகரட்டரி அதுவரைக்கும் செல்போனை உருட்டிக்கிட்டு இருந்தவர் நிமிர்ந்தார். "ஒரு சந்தேகம்மா. வாட்ச்சும் ஸ்லோவு, ரோடும் சின்னது. அப்ப ரெண்டு லாபமும் சேர்த்தா இருபது இருபது நானூறு மடங்கு ஆச்சே?"

பிள்ளைங்க சிரிச்சுதுங்க. மிஸ் சிரிக்கல.

"அங்கதான் சார் எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. ரெண்டும் ஒரே ஆளுக்குக் கிடைக்காது. தரையில நிக்கறவருக்கு வழி முழுசாத்தான் இருக்கு, துகளோட வாட்ச்தான் ஸ்லோ. துகளுக்கு வாட்ச் சரியா இருக்கு, வழிதான் சின்னது. நடந்தது ஒரே பயணம், அதை ரெண்டு பேர் சொல்றாங்க. எதையாவது ஒண்ணை முழுசாக் கேட்கணும். இவர் பேச்சுல பாதி, அவர் பேச்சுல பாதின்னு எடுத்தா நானூறுன்னு தப்பு வரும்."

"ஒரே மாப்பிள்ளை ஒரே வேளைக்கு ரெண்டு வீட்டு விருந்து சாப்பிட முடியாதுங்கறீங்க."

"சரியாச் சொன்னீங்க சார்."

அப்புறம் புரொபசர் கேள்வி கேட்டார். துகள் பக்கத்துலேருந்து பார்த்தா நம்ம வாட்ச் எப்படி ஓடும்னு கேட்டார். அதுக்கு நம்ம வாட்ச்தான் ஸ்லோன்னு மிஸ் சொன்னாங்க. அது எப்படின்னு விளக்கமும் சொன்னாங்க. அது எனக்கு அன்னைக்கும் புரியல, இன்னைக்கும் புரியல. புரிஞ்ச மாதிரி எழுத மாட்டேன்.

கடைசியா அவர் கேட்டதுதான் என் உசுரைப் பிடிச்சு இழுத்துச்சு. "அழிஞ்சு போச்சே, அதுலயும் இதையேதான் எழுதியிருந்தீங்களா?"

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போகுது? துடைச்ச எனக்கே படிக்கத் தெரியாது.

மிஸ் சொன்னாங்க, "இல்ல சார். புத்தகத்துல இருக்கிற பெரிய டெரிவேஷனை எழுதியிருந்தேன். அது எனக்கு மனப்பாடம். இந்த வழி இங்க நின்னப்பதான் புரிஞ்சுது."

எச்.ஓ.டி. ஐயா கண்ணை மூடிக்கிட்டார். புரொபசர் காது மெஷினைச் சரி பண்ணிக்கிட்டு எழுந்து போர்டுகிட்ட போனார். ரெண்டு இருபதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் நானும் இதை ரெண்டு சாப்டரா ஒப்பிச்சுக்கிட்டுத்தான் இருந்தேம்மா"ன்னார்.

6. கேட்டு வாசல்

எச்.ஓ.டி. ரூமுக்கு டீ கொண்டு போய் வச்சுட்டு வெளிய நின்னேன். அரை மணி நேரம் பேசினாங்க. மிஸ் ஸ்டாஃப் ரூம்ல உதடு அசைய ஓதிக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச சாமியை எல்லாம் நானும் கூப்பிட்டேன்.

எச்.ஓ.டி. ஐயா கதவைத் திறந்தார். காலையில கத்தின முகம் இல்ல. "ரஞ்சிதம், வெளிய அந்தப் பொண்ணோட அத்தா நிப்பார். உள்ள கூட்டிக்கிட்டு வா. ஆர்டர் கொடுக்கும்போது அவரும் இருக்கட்டும்."

அவுங்க அத்தா கேட்டு வாசல்ல வண்டியில சாஞ்சுக்கிட்டு நின்னார். நான் ஓடி வர்றதைப் பார்த்து பயந்துட்டார். "என்னாம்மா? என் புள்ளைக்கு என்னா?"

"ஒண்ணும் இல்ல பாய். உங்களை உள்ள வரச் சொன்னாங்க. வேலை கெடைச்சுடுச்சு."

தோள் துண்டை எடுத்து தாடித் தூசியைத் தட்டினார். தட்டிக்கிட்டே இருந்தார். "மறந்துடாம எல்லாத்தையும் சொல்லிச்சா?"ன்னு கேட்டார்.

"ஒப்பிக்காததுதான் நல்லதாப் போச்சு, வாங்க"ன்னேன்.

2012-ல நான் ரிட்டயர் ஆகறப்ப கூட மிஸ் அங்கதான் இருந்தாங்க. அந்தப் பாடம் வர்ற அன்னைக்கு வருஷா வருஷம் ரைட் சைடைக் காலியா விட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. பிள்ளைங்களே அதை நிரப்பணும். நான் வராண்டாவுல தேய்ச்சுக்கிட்டே கேட்பேன். நானூறுன்னு சொல்ற பிள்ளை வருஷத்துக்கு ஒண்ணாவது இருக்கும்.

இப்ப வேலைக்கு வந்திருக்கிற பொண்ணே, உனக்குச் சொல்றேன். சட்டப்படி நான் துடைச்சது சரி. எட்டு வருஷத்துல யாரும் அதைத் தப்புன்னு எழுதல. ஆனா கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே கையெழுத்தான்னு பார்க்கிற கண்ணு எனக்கு இருந்துச்சு, அன்னைக்கு நான் பார்க்கல. நல்லபடியா முடிஞ்சது மிஸ்ஸோட அறிவால, என்னால இல்ல. துணியை நனைக்கறதுக்கு முன்னால போர்டை ஒரு தடவை முழுசாப் பாரு. அப்புறம், கிளாஸ் நடக்கும்போது வராண்டாவுல வேலை இருந்தா காதைத் திறந்து வச்சுக்கோ. அதுக்கு யாரும் பீஸ் கேட்க மாட்டாங்க.

எழுதி முடிக்க பதினோரு நாள் ஆச்சு. அடி பேத்தி நிவேதா, அந்த போனைக் கீழ வச்சுட்டு இங்க வா. இதை முதல்லேருந்து சத்தமா படி. நீயா எதையும் மாத்திப் படிக்காத. தப்பு இருந்தா சொல்லு, நானே திருத்திக்கறேன்.